கூத்தாடிப்புழுவின் குடலில் ஓட்டை: இரண்டு பாட்டில் சோதனை

மழை நின்று நாலு நாள் ஆனால் போதும், எங்கள் லாஸ்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் பூந்தொட்டித் தட்டுகளில் கூத்தாடிப்புழு, அதாவது கொசுவின் இளம்புழு, நெளியும். அதைக் கொல்ல நான் போடும் மருந்து பி.டி.ஐ. ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்’ என்ற பாக்டீரியா பெயரின் சுருக்கம். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. 1975-இல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் பி17 என்று தனியாக ஒரு ரகம் வைத்திருக்கிறது. சரி, இந்த மருந்து புழுவை எப்படிக் கொல்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு வருவோம்.

படி 1: புழு பிடிப்பது

பழைய டீ வடிகட்டி போதும். நீளமாக நெளிவதை மட்டும் எடுங்கள். கமா போல வளைந்து குட்டிக்கரணம் போடுவது கூட்டுப்புழு, அதை விட்டுவிடுங்கள். முதல் தடவை நான் இரண்டையும் சேர்த்து அள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் மருந்து போட்ட பாட்டிலுக்குள்ளேயே கொசு பறந்தது! மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். தப்பு என்னுடையது: கூட்டுப்புழு எதையும் தின்னாது, தின்னாததை இந்த மருந்து கொல்லாது.

படி 2: பாட்டில்

அகல வாய் பாட்டில் இரண்டு. பிடித்த இடத்துத் தண்ணீரையே ஊற்றி, ஆளுக்கு 20 புழு. ஒன்றில் ‘ம’ என்று எழுதுங்கள். ஒரு சிட்டிகை மருந்துத் தூளை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, ஒரு ஸ்பூன் அதில் மட்டும் விடுங்கள். இரண்டின் வாயையும் வலைத்துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். வெயில் படாத இடம் நல்லது, வெயிலில் மருந்து வீரியம் இழக்கும்.

படி 3: பார்ப்பது

லென்ஸ் இருந்தால் புழுவின் தலையைப் பாருங்கள். வாயோரத்து மயிர்க்கற்றை விசிறி போல ஆடி, தண்ணீரில் மிதப்பதையெல்லாம் உள்ளே தள்ளும். மருந்துத் துகளும் அப்படித்தான் போகிறது. அந்தத் துகளில் இருப்பது புரதப் படிகம். படிகமாக இருக்கும்வரை அது சாது.

புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை அதிகம், பி.எச் 10-ஐயும் தாண்டும். அந்தக் காரத்தில் படிகம் கரைகிறது. அப்புறம் புழு தன் சாப்பாட்டைச் செரிக்க வைத்திருக்கும் நொதியே புரதத்தை நறுக்கி விஷமாக்குகிறது. சொந்தச் செரிமானமே எமன். நறுக்கிய துண்டுகள் குடல் சுவர்ச் செல்லில் தங்களுக்குப் பொருந்தும் கொக்கிகளைப் பிடித்து, சில ஒன்றுகூடி, செல்லின் சவ்வைத் துளைத்து உள்ளே இறங்குகின்றன. துளையின் அகலம் ஓரிரு நானோமீட்டர்தான். ஆனால் உப்பும் தண்ணீரும் புகுந்து வெளியேற அது தாராளம். செல்லின் உப்புக் கணக்கு குலைகிறது, தண்ணீர் ஏறுகிறது, உப்பி வெடிக்கிறது. வரிசையாகச் செல்கள் உடைய, குடல் செயலிழந்து புழு தின்பதை நிறுத்திவிடும்.

நம் இரைப்பையில் இருப்பதோ அமிலம், அந்தக் கொக்கிகளும் நம்மிடம் இல்லை. மீனுக்கும் இதனால் கெடுதல் இல்லை.

படி 4: எண்ணுவது

மறுநாள் காலை ‘ம’ பாட்டிலை மெல்லத் தட்டுங்கள். பெரும்பாலானவை அடியில் அசையாமல் கிடக்கும். மற்றதில் தட்டிய சத்தத்துக்கே கூத்து தொடங்கிவிடும்.

நேரமிருந்தால் மூன்றாவதாக ஒரு பாட்டில் வைத்து, சாக்கடை போல அழுக்கும் மக்கின இலையும் நிறைய போட்டுப் பாருங்கள். அங்கே சாவு குறையும். வயிறு முட்ட வேறு தீனி இருக்கும்போது புழு மருந்தை எங்கே அதிகம் விழுங்கும்? வாய்க்காலுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது இதனால்தான். அளவுக்குப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். படிகம் சில நாளில் அடியில் படிந்துவிடும் என்பதால் தட்டுகளில் நான் வாரம் ஒருமுறை போடுகிறேன்.

முடிந்ததும் மருந்தில்லாத பாட்டிலில் கொதிநீரை ஊற்றிவிட்டுக் கொட்டுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன், வலைத்துணியில் ஒரு சின்னக் கிழிசல் வேறு. அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை.