அறுபதுக்குப் பிறகு வானில் வீடு: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுபவர்களுக்கு

எங்கள் வயதுக்காரருக்கு இந்த நாட்டின் பாதி தெரியாது. ஓடித் திரியும் வயதெல்லாம், தெற்குக்குப் போகும் ஏ9 வீதி யுத்தத்தால் பூட்டிக் கிடந்த காலத்தோடு போய்விட்டது. பென்சன் எடுத்த கையோடு நானும் மனைவியும் பழைய ஹயஸ் வானில் படுக்கை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். நீங்களும் வெளிக்கிட வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு சதமும் செலவழிக்காமல், சொந்த வளவிலேயே ஒரு இரவு வானுக்குள் படுங்கள். இடுப்பு என்ன சொல்கிறது, எத்தனை தரம் இறங்க வேண்டியிருக்கிறது, நுளம்பு எந்த இடுக்கால் வருகிறது என்பதெல்லாம் விடியும்போது தெரிந்துவிடும். அதன்பிறகே தச்சரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, கட்டில். கீழே சாமான் வைக்க இடம் வேண்டுமென்று நாங்கள் 26 அங்குல உயரத்தில் அடிப்பித்தோம். மனைவிக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை. எழும்பும் ஒவ்வொரு தரமும் கதவு விளிம்பைப் பிடித்துத் தொங்கினா. இரண்டு கிழமையில் அறுத்து 18 அங்குலமாக்கினோம். கட்டிலில் இருந்தால் இரண்டு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும். ஆசனங்களைக் கழற்றுவதென்றால், முன்கூட்டியே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். 12 வோல்ற் மின்விசிறி 20 வாற் என்றால் எட்டு மணித்தியாலத்துக்கு 160 வாற்-மணி. லைற், போன் எல்லாம் சேர்த்து 220 என்று வையுங்கள். 12ஆல் பிரித்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 18 அம்பியர்-மணி. சாதாரண ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே 100 அம்பியர்-மணி பற்றரி இரண்டு இரவுக்குத் தாராளம். அது தனிப் பற்றரியாக இருக்கட்டும். வானின் பற்றரியில் விசிறி போட்டால் காலையில் வான் ஸ்ரார்ட் ஆகாது. பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள்.

சமையல் எப்போதும் வெளியே. 2.3 கிலோ காஸ் சிலிண்டர் போதும். பூட்டிய வானுக்குள் அடுப்பு மூட்டவே வேண்டாம், மழை பெய்தாலும். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் முதல்நாள் அடுப்பே தேவையில்லை.

காலம் பார்த்துப் போங்கள். கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரை, மலைநாட்டுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. மாலை ஐந்து மணிக்கே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். வவுனியா தாண்டினால் இரவில் வீதியில் யானை நிற்கும். கோயில் வீதியில் நிறுத்துவதென்றால் ஐயரிடமோ நிர்வாகத்திடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதல் பயணம் மன்னாருக்கு. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி போய், திருக்கேதீச்சரக் கோயிலின் பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துத் திரும்பலாம். இரண்டாவதாகத் திருகோணமலை: முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏ9ஆல் இறங்குங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு வெயில் ஏற முன்னரே போய்விடுங்கள். அங்கே மனைவி ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா. "இது எங்கட கிணறு மாதிரி இல்லையப்பா" என்று திரும்பவும் முதலாவது கிணற்றுக்கே போனா.