கிரீன் மேட்டில் படம்பிடிக்கும்போது நடக்கும் தவறுகள்

‘சிஜியில் (கணினி வரைகலையில்) பார்த்துக்கலாம்’ என்று செட்டில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஆளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணியை (கிரீன் மேட்) நீக்கி வேறு பின்னணி வைக்க உதவும் கீயிங் மென்பொருள் அடிப்படையில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பையும் நீலத்தையும்விடப் பச்சை எவ்வளவு தூக்கல்? அந்த வித்தியாசம் பதிவில் இல்லாவிட்டால், பிறகு வரவழைக்க முடியாது.

பாதிச் சிக்கல் ஆளைத் துணியோடு ஒட்டி நிறுத்துவதில் தொடங்குகிறது. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தோளிலும் காதோரத்திலும் பச்சையாகப் படியும். இதுதான் ஸ்பில். அதை மென்பொருளில் குறைக்கும் டீஸ்பில் போட்டால் பச்சை போகும், கூடவே தோலின் நிறமும் கெடும். 8 முதல் 10 அடி இடைவெளி விடுங்கள். அவ்வளவு இடமில்லையா? ஆளின் உருவமும் கையசைவும் அடங்கும் அளவுக்குப் பச்சை இருந்தால் போதும். மீதித் துணியைக் கறுப்புத் துணியால் மூடிவிடலாம்.

ஆளுக்குப் போட்ட விளக்கே மேட்டுக்கும் போதும் என்று விட்டால் நிழலும் சுருக்கமும் துணியில் விழும். மேட்டுக்குத் தனி விளக்கு வேண்டும். சிறு இடத்தின் வெளிச்சத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரால் நான்கு மூலையையும் நடுவையும் அளந்து, வித்தியாசத்தை அரை ஸ்டாப்புக்குள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது) கொண்டுவாருங்கள். அதற்காக வெளிச்சத்தைக் கொட்டவும் கூடாது. ஓவர் ஆனால் பச்சை வெளிறி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடும்.

கேமராவில் 4:2:0 பதிவு (நிறத் தகவலைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) என்றால், நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல்தான். முடியோரம் படிக்கட்டாகத் தெரிவது அதனால்தான். குறைந்தது நிறத் தகவல் கூடுதலாக இருக்கும் 10 பிட் 4:2:2 வையுங்கள், முடிந்தால் ரா (சென்சார் தரும் மூலப் பதிவு). மெமரி கார்டில் மிச்சம் பிடித்த காசு கம்பாசிட்டிங் (காட்சிகளை ஒன்றாக இணைக்கும் வேலை) பில்லில் போய்விடும். கேமராவின் ஷார்ப்னெஸைக் குறைத்துவிடுங்கள்; உருவத்தைச் சுற்றி அது போடும் மெல்லிய கோடு கீயிங்கில் லேசில் போகாது.

கீயிங்கில் அடிக்கடி பார்க்கும் தவறு, ஒரே கீயால் (பச்சையிலிருந்து ஆளைப் பிரிக்கும் ஒரே அமைப்பால்) முழு ஆளையும் எடுக்க முயல்வது. முடிக்காகத் தளர்த்தினால் சட்டையில் ஓட்டை விழும். சட்டைக்காக இறுக்கினால் முடி கத்தரித்ததுபோல் ஆகும். உடலுக்கு இறுக்கமான கீ ஒன்று, ஓரத்துக்கும் முடிக்கும் மென்மையானது ஒன்று எடுத்து, முதலாவதைக் கொஞ்சம் உள்ளே சுருக்கிச் சேர்க்க வேண்டும்.

கேமரா அசைவைக் கணினி பின்தொடர மேட்டில் ஒட்டும் டிராக்கிங் மார்க்கர் முடிக்குப் பின்னால் வரக்கூடாது. கேமரா நகராத ஷாட்டுக்கு அது தேவையே இல்லை.

பின்னணி முடிவாகாமல் லைட்டிங் செய்யாதீர்கள். பின்னணியில் வெயில் இடப்பக்கம், முகத்தில் வலப்பக்கம் என்றால் கீ எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆள் அங்கே நிற்பதுபோல் தோன்றாது. பின்னணியை எடுக்கும்போதே லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், கேமரா உயரம், சாய்வு, வெயிலின் திசை எல்லாவற்றையும் குறித்துவைத்து, மேட் ஷூட்டிலும் அப்படியே அமையுங்கள்.