கன்னிப்பூவா கும்பப்பூவா? கேமராவோடு ஊருக்கு வருபவர்களுக்கு

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பொங்கலுக்கு நாஞ்சில் நாட்டுக்கு, அதாவது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து நெல்வயல் பக்கம் வந்தால் கதிர் சாய்ந்த மஞ்சள் வயலைப் பார்ப்பது கஷ்டம், பெரும்பாலும் பச்சைதான் இருக்கும். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு (1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி) இருந்த ஊர் என்பதால் நம் நெல் பருவங்களின் பெயர்கள் மலையாள மாதக் கணக்கில் நிற்கின்றன. கன்னி, அதாவது நம்ம புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. கும்பம், அதாவது மாசியில் அறுப்பது கும்பப்பூ. ஆக, அறுப்புப் படம் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி, இல்லையென்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் விடுவதைப் பொறுத்துக் கடைமடை வயல்கள் பிந்தும், அதனால் ஊரில் இருக்கும் சித்தப்பாவையோ மாமாவையோ கூப்பிட்டு "அறுப்பு எப்போ?" என்று கேட்டுவிட்டே தேதி போடுங்கள்.

எனக்குப் பிடித்தது அறுப்பு இல்லை, நடவு. ஜூனிலும் அக்டோபரிலும் தொழியடித்த, அதாவது நடவுக்குச் சேறு கலக்கிய வயலில் தண்ணீர் நிற்கும்போது பூதப்பாண்டி பக்கம் போனால் தாடகைமலை அப்படியே தலைகீழாக வயலுக்குள் கிடக்கும், ஆனால் காற்று எழுவதற்கு முன்னால் போக வேண்டும், விடிந்து ஒரு மணி நேரம்தான் அந்தத் தண்ணீர் அசையாமல் இருக்கும். இங்கே மலை வடக்கிலும் கிழக்கிலும் இருப்பதால் சாயங்கால வெயில்தான் மலைமேல் விழுகிறது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும்.

பிள்ளைகளின் லீவுக்காக ஜூலை ஆகஸ்டில் வருபவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. டிரைபாடைத் தாழ்த்தி வையுங்கள், பையை அதில் தொங்கவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும், கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் வயலை விட்டுவிட்டுக் குலசேகரம் பக்கம் போங்கள், ரப்பர் இலை உதிர்கிற காலம் அது. டிரோன் கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது.

பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, பத்தாயம் (நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி), தொழுவம், வைக்கோல் படப்பு எல்லாம் சேர்ந்து. முதலில் கேமராவைத் தூக்காதீர்கள். "அண்ணாச்சி, நான் இன்னார் பேரன், ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள், பெரும்பாலும் அவரே கதவைத் திறந்து பத்தாயத்தைக் காட்டுவார். பிளாஷ் போடாமல் அந்தக் கதவு வெளிச்சத்திலேயே எடுங்கள்.

அப்புறம், உங்கள் குடும்ப வயல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம். நான் சானல்கரையில் எங்கள் மடைக்கல் மேல் நிற்பேன். போன மாசியில் அதே இடத்திலிருந்து பார்த்தபோது எங்கள் வயல் விளைந்து கிடந்தது, பக்கத்து வயலில் மண் அடித்து எல்லைக்கல் நட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே படத்தில் இருக்கிறது.