வாடகையைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள்

வீடு வாங்கி வாடகைக்கு விடப்போகிறவர்கள் கணக்குப் போட்ட தாளோடு என்னிடம் வருவதுண்டு. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. பத்திரத்தைச் சரிபாருங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு மாத வாடகை

மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி, வீட்டு விலையால் வகுத்து, வந்த விழுக்காட்டை வருமானம் என்று நம்புவது. பார்த்தாலே எரிச்சல் வரும் கணக்கு இது. உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படித்தான் வந்தான். விலையில் பாதி கடன், வட்டி 8 விழுக்காடு. "வாடகை ஆறு விழுக்காடு வருது சித்தப்பா, வட்டி போக மீதி நிக்கும்" என்றான்.

விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். வருட வாடகை 6. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 5.5. பழுதுபார்ப்புக்கு வருடத்துக்கு விலையில் ஒரு விழுக்காடு ஒதுக்குவது பொதுவான வழக்கம். பழைய வீடென்றால் அதுவும் போதாது. வரிக்கும் காப்பீட்டுக்கும் அரை என்று வையுங்கள். ஆள் மாறும்போது தரகு, வெள்ளையடிப்பு என்று கால். மிஞ்சுவது 3.75. அவன் கட்டவேண்டிய வட்டியோ 4. அசலை இன்னும் தொடவே இல்லை. போதாக்குறைக்கு, பதிவு, தரகு, முதல் ரிப்பேர் எல்லாம் சேர்த்தால் வீட்டுக்குப் போட்டது 100 அல்ல, 110 என்று ஆகிவிடும். அப்போது வருமானம் 3.4 விழுக்காடுதான்.

"அதெல்லாம் காலியா இருக்காது சித்தப்பா" என்றான். முதல் குடித்தனக்காரர் வருடம் முடியுமுன்பே வேலை மாறிப் போனார். அடுத்தவர் வரும்வரை தவணை இவன் சம்பளத்திலிருந்து போனது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரும் நின்றது. பழுதுகள் தவணை முறையில் வருவதில்லை. மோட்டார், கூரை ஒழுக்கு, வயரிங் எல்லாம் மொத்தமாகத்தான் கைநீட்டும். ஆகவே கையில் ஆறு மாதத் தவணைக்காவது பணம் இல்லாமல் இறங்காதீர்கள்.

இதே கணக்கின் இன்னொரு முகம், கூடுதல் வாடகைக்காகக் காத்திருப்பது. ஐந்து விழுக்காடு அதிகம் கேட்டு ஒரு மாதம் பூட்டிவைத்தால், இழந்ததை மீட்க இருபது மாதம் ஆகும். வந்தவர் அதற்குள் காலிசெய்தால் நட்டம் உங்களுக்கு. பையனுக்கு இதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு அதிகமாகத்தான் கேட்டான்.

முன்பணத்தைச் செலவழிப்பது

அது திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். தொடாதீர்கள்.

படம் எடுக்காமல் சாவி கொடுப்பது

சுவர், தரை, குழாய், கதவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். மின்மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் காலிசெய்யும் நாளில் அந்த விரிசல் யாருடையது என்று முடிவில்லாமல் பேசிக்கொண்டிருப்பீர்கள். புழங்கியதால் நிறம் மங்கிய சுவருக்கெல்லாம் பிடித்தம் கேட்பது நியாயமில்லை. உடைந்த கதவு வேறு கதை.

உங்கள் ரசனைக்கு அலங்கரிப்பது

குடியிருக்கப்போவது நீங்கள் இல்லை.

இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரிப்பது

காலி வீடு உறுத்தும்போது முதலில் வந்தவருக்கே கொடுக்கத் தோன்றும். விசாரிப்பவர்களும் அவர் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைத்தான் கேட்கிறார்கள். தொல்லை தருபவரை எப்படியாவது அனுப்ப நினைப்பவர் "தங்கமான மனுஷர்" என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இருக்காது.