கால் குட்டையாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

மேலூரில் என் அத்தை ஈர முற்றத்தில் வழுக்கி விழுந்தார். தூக்கி உட்கார வைக்கப் போனபோதுதான் கவனித்தேன்: வலது கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. தொடை எலும்பின் மேல்முனை முறிந்ததன் அடையாளம் அது. கால் நேராக இருந்து, தொடை இடுக்கில் மட்டும் வலித்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நடக்க வைக்காதீர்கள், எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. 48 மணி நேரத்துக்குள் நடந்தால் நல்லது. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். அத்தையை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். எங்களுக்குத்தான் பதைப்பு!

வீட்டில் உயரமான நாற்காலியும் கழிப்பறையில் கைப்பிடியும் அவசியம். கேப்பைக்கூழும் முட்டையும் கொடுங்கள். எலும்பு வலுவிழப்புக்கு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க மறக்காதீர்கள்.