பழைய வீட்டுக்கு ஸ்விட்சும் பிளக் பாயிண்டும் தேர்ந்தெடுப்பது எப்படி

கடைக்குப் போகும் முன் போர்டைக் கழற்றிப் பாருங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது எரிகிறதா என்று சரிபார்த்து, மெயினை அணைத்த பிறகு, திறக்கப் போகும் போர்டில் வைத்துச் சோதியுங்கள். எந்த ஸ்விட்ச் வாங்கலாம் என்பதை உள்ளே இருக்கும் ஒயர்தான் முடிவு செய்யும்.

பழைய ஒயரிங்கில் 1/18, 3/20, 7/20 என்ற கணக்கு இருக்கும். 3/20 என்றால் 20 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) கம்பி மூன்று இழை, ஏறக்குறைய 2 சதுர மி.மீ. 1/18 என்பது 1.2 சதுர மி.மீ.தான், அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும். ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் தனி லைனாக வர வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான தவறு நடக்கிறது. 6 ஆம்பியர் பின்னும் 16 ஆம்பியர் பின்னும் பொருந்தும் சாக்கெட் வசதியாக இருக்கிறதென்று எல்லா இடத்திலும் அதையே மாட்டிவிடுகிறார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட்தான். 2,000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் தாங்கும், சுவருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் தாங்காது. அங்கே 6 ஆம்பியர் சாக்கெட்டே போடுங்கள். பெரிய பின் நுழையாமல் இருப்பதே பாதுகாப்பு.

அடுத்தது எர்த். மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கலாம். அல்லது நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். இது மிக ஆபத்தானது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கிரைண்டர், ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க கரண்ட் வரும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, எர்த் ஒயர் புதிதாக இழுத்த பிறகே மூன்று பின் சாக்கெட் மாட்டுங்கள். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள், ஆனால் அதை எர்த்துக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

மாடுலர் (ஒரே பிளேட்டில் தனித்தனியாகப் பொருத்தும் வகை) வாங்குவதானால் கணக்கு இப்படி: ஸ்விட்ச் ஒன்றுக்கு பிளேட்டில் 1 மாடுல் இடம், 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2. 16 ஆம்பியர் சாக்கெட், ரெகுலேட்டர் ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளேட்டையும் பாக்ஸையும் ஒரே கம்பெனியில் எடுங்கள். ஒயர் பழசாகி விறைத்திருந்தால் ஆழமான மெட்டல் பாக்ஸ் வேண்டும்; அமுக்கித் திணித்தால் இன்சுலேஷன் உடையும். சுவரை உடைக்க விருப்பமில்லையா? மரப் போர்டிலேயே பழைய பியானோ ஸ்விட்ச் அளவில் புதியது கிடைக்கும், அதில் குறையொன்றும் இல்லை. ஸ்விட்சில் ஐ.எஸ். 3854, சாக்கெட்டில் ஐ.எஸ். 1293 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் ஷட்டர் (ஓட்டையை மூடும் தடுப்பு) வைத்த சாக்கெட். எல்.இ.டி. பல்புக்கு இண்டிகேட்டர் (சின்ன விளக்கு வைத்த) ஸ்விட்ச் வேண்டாம், அணைத்த பிறகும் பல்ப் மங்கலாக மினுங்கலாம்.

அலுமினியம் ஒயர் வந்தால் அதையும் செம்பையும் ஒரே ஸ்க்ரூவுக்குள் சேர்க்கக் கூடாது. இணைப்பு அரித்து, தளர்ந்து, சூடேறும். பழைய சாக்கெட் பழுப்பேறிக் கருகியிருப்பதற்கும் பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூதான் காரணம். கருகிய ஒயர் நுனியை வெட்டி, பளபளப்பான கம்பி தெரியும் வரை சீவாமல் புதியதை மாட்டினால் அதுவும் கருகும்.

மாட்டும்போது: முன்னாலிருந்து பார்த்தால் ஃபேஸ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம், எர்த் மேலே. பின்புறம் திருப்பிப் பிடித்து வேலை செய்வதால் இது மாறிப்போகும். ஓட்டையருகே உள்ள எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்) எழுத்தைப் பாருங்கள். ஃபேஸ்தான் ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்ப் ஹோல்டரில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் பழைய ஆள் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருக்கிறார். மாடிப்படி டூவே ஸ்விட்சைக் கழற்றும் முன் மூன்று ஒயரையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

முடித்ததும் ஹீட்டர் பாயிண்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்க வேண்டும்.