இசைக்கலைஞர் அனிமேயின் ஆங்கிலக் குரல்களை மதிப்பிடும் முறை

இசைக்கலைஞர்களைப் பற்றிய அனிமே (ஜப்பானிய அசைபடம்) தொடர் ஒன்றின் ஆங்கில டப்பிங்கை மதிப்பிட முற்படுபவர், தன் காதை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் அதை ஜப்பானிய மூலக்குரலின் மேல் வைத்துவிடுகிறார்கள். ‘மூலத்தில் இருந்ததுபோல இல்லை’ என்ற ஒரு வரியோடு அவர்களுடைய மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இவ்வகைத் தொடர்களில் நடிப்பின் தரம் துலங்குவது பேச்சும் இசையும் சந்திக்கும் ஓரங்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம். வயலின் வில் தந்தியைத் தொடுவதற்கு முன் வரும் மூச்சு, பாடி முடித்தவுடன் பேசும் முதல் வசனம், டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளைத் தட்டி எண்ணும் நான்கு எண்கள் ஆகிய இடங்களில் அந்தப் பாத்திரம் இசை அறிந்த ஒருவராக ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரான திருகோணமலையில் இதற்குப் பழகிய காதுகளுக்குக் குறைவில்லை. பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாக்களில் நாதசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவருக்கு, எடுப்பு அரை அட்சரம் பிந்தினாலும் உறுத்தும். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களைக் கேட்ட தலைமுறையினர் வீட்டில் இருந்தால், முகத்தைப் பாராமல் குரலைக் கொண்டே ஆளையும் வயதையும் மனநிலையையும் பிரித்தறியும் பழக்கம் அவர்களிடம் உண்டு. ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை; லயம் பிசகினால் எந்த மொழியிலும் காதில் படும். ஆனால், அமெரிக்க உச்சரிப்பின் வேகம் நமக்குப் பிடிபடாமல் போவதை நடிகரின் குறையாக எழுதிவிடக் கூடாது.

கேட்பதற்கான ஏற்பாடு

கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டு எழுதப்படும் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை, ஏனெனில் அது முதலில் விழுங்குவது மூச்சொலியைத்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலைச் சாத்திவிட்டு, காதை நன்றாக மூடும் ஹெட்போனில் கேளுங்கள். இணைய வேகம் குறைந்து ஒலி தகரம்போல் ஆகும் நேரத்தில் குறிப்பு எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

தொடரின் முதல் அத்தியாயத்தை மதிப்பீட்டுக்கு எடுக்காமல், நடுவில் மேடைக்காட்சி வரும் ஓர் அத்தியாயத்தை எடுப்பது நல்லது. தொடக்கத்தில் நடிகர்கள் பாத்திரத்தின் குரலை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். அந்த அத்தியாயத்தை முதலில் ஜப்பானிய ஒலியில் ஆங்கில எழுத்துவரிகளோடு (சப்டைட்டில்) பார்த்து, நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கில ஒலியில், எழுத்துவரிகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். எழுத்துவரிகள் பெரும்பாலும் ஜப்பானிய வசனத்தின் நேரடி மொழிபெயர்ப்பு. டப்பிங் வசனமோ வாயசைவின் நீளத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதப்பட்டது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் கண் வாசிப்பதில் ஈடுபட்டு, காது தன் வேலையை விட்டுவிடும்.

மூன்றாவது முறை படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தத் தொடரைப் பார்த்திராத ஒருவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. வானொலி நாடகம் கேட்டுப் பழகிய மூத்தவர் ஒருவர் கிடைத்தால், ‘அம்மா, இதில் எத்தனை பேர் கதைக்கிறார்கள், யார் மூத்தவர், யார் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறார்’ என்று மட்டும் கேளுங்கள். ஆங்கிலம் முழுவதும் விளங்காதவர் சொல்லும் விடைகூட, குரல் தெரிவு சரியாக அமைந்ததா என்பதற்கு நல்ல சான்றாகும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பது

நடிகர் எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் பேசினார் என்பதை அறியாமல் நியாயமாக மதிப்பிட முடியாது. ஜப்பானில் நடிகர்கள் பலர் ஒரே கூடத்தில் சேர்ந்து நின்று பேசுவது நெடுங்கால வழக்கம். ஆங்கில டப்பிங்கில் பொதுவாக ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்கிறார்கள். காதில் சீரான இடைவெளியில் மூன்று சிறு ஒலிகள் கேட்கும்; நான்காவது ஒலி வரவேண்டிய இடத்தில் நடிகர் வசனத்தைத் தொடங்க வேண்டும். எதிரே பேசுபவரின் ஆங்கிலக் குரல் அப்போது பதிவாகியே இருக்காமலும் போகலாம். அந்த இடைவெளியை நிரப்புவது குரல் இயக்குநரின் வேலை.

இதிலிருந்து இரண்டு செயல்முறைகள் பிறக்கின்றன. நடிகரின் திறமையைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் மனக்குரல் வரும் இடங்களுக்குப் போங்கள். அங்கே வாய் அசைவதில்லை. ஆகவே எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்பதில் நடிகருக்கு ஓரளவு விடுதலை கிடைக்கிறது. 2014இல் தொடங்கிய ‘யுவர் லை இன் ஏப்ரல்’ தொடரில், தாயின் மறைவுக்குப் பின் தான் வாசிக்கும் பியானோவின் ஒலியே காதில் விழாமல் போகும் கோசெய்க்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் மாக்ஸ் மிட்டல்மன். மேடையில் கை ஓடிக்கொண்டிருக்க, ஒலி மங்க, அவனுடைய எண்ணம் மட்டும் தொடரும் காட்சிகள் அதில் பல. அந்த மனக்குரல் கீழே ஓடும் இசையின் நடைக்கு இசைந்து போகிறதா, அல்லது இசையைக் கவனியாமல் தாளில் இருப்பதை வாசிக்கிறதா என்று கேளுங்கள். அதே தொடரில், பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்-சான்ஸின் படைப்பை வாசிக்கையில் கோசெய் நடுவில் நின்றுவிட, வயலின் வாசிக்கும் காவோரியும் நிறுத்திவிட்டு, மீண்டும் தொடங்கும்படி ஒரே சொல்லில் சொல்கிறாள். காவோரியின் ஆங்கிலக் குரல் எரிக்கா லின்ட்பெக். அவ்வளவு சிறிய வசனத்தில் நடிகர் ஒளிந்துகொள்ள இடமில்லை: சொல்லுக்கு முன்னுள்ள மௌனத்தின் நீளம், வாசித்துக் களைத்த மூச்சு, மேடையில் நின்றபடி ஒருவனிடம் மட்டும் பேசும் தணிவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

கூட்டு நடிப்பைப் பார்க்க வேண்டுமானால் இசைக்குழுவுக்குள் சண்டை நடக்கும் காட்சியை எடுங்கள். தனித்தனியே பதிவான குரல்கள் ஒன்றையொன்று குறுக்கிடுவதுபோல் ஒலிக்க வேண்டிய இடம் அது. ஒருவர் குரலை உயர்த்தும்போது அடுத்தவர் அதே உயரத்திலிருந்து பதில் சொல்லாமல் புதிதாகத் தொடங்கினால், தையல் வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறையைப் பெரும்பாலும் இயக்குநரின் கணக்கில் எழுத வேண்டும். ஒருவருடைய குரல் மட்டும் சிறிய அறையில் பதிவானதுபோல் எதிரொலித்தால், அது ஒலிப்பொறியாளர் சமன்செய்ய வேண்டியது.

குரல் தெரிவு

ஒரு குரல் தனியாக நன்றாக இருப்பது இங்கே போதாது. ஓர் இசைக்குழுவில் வாத்தியங்கள் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்காமல் ஒலிப்பதுபோல், குழுவினரின் பேச்சுக்குரல்களும் சுருதியிலும் கனத்திலும் விலகி நிற்க வேண்டும். 2009இல் வெளிவந்த ‘கே-ஆன்!’ தொடரில் ஏறக்குறைய ஒரே வயதுடைய ஐந்து மாணவிகள் ஓயாமல் கதைக்கிறார்கள். ஆங்கிலத்தில் யுய்க்கு ஸ்டெஃபனி ஷேயும் மியோவுக்குக் கிறிஸ்டினா வீயும் குரல் கொடுத்தார்கள். கிற்றார் வாசிக்கும் யுய்யின் இழுபடும் பேச்சையும், பேஸ் வாசிக்கும் மியோவின் கூச்சம் கலந்த தணிந்த பேச்சையும் படம் பாராமல் ஓர் உரையாடல் முழுவதும் பிரித்தறிய முடிகிறதா என்பதே முதல் சோதனை. அடுத்ததாக டிரம்ஸ் வாசிக்கும் ரிட்சுவைக் கவனியுங்கள். அவள் எண்ணித் தொடங்கும் எண்களின் காலப்பிரமாணமும் (வேகம்) அடுத்து வரும் பாட்டின் காலப்பிரமாணமும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளம் போட்டுப் பழகியவர்கள் தொடையில் தட்டியே இதைச் சரிபார்க்கலாம். எண்ணும் குரலில் உற்சாகம் இருந்து லயம் இல்லாவிட்டால், அந்தக் கணத்தில் அவள் டிரம்ஸ் வாசிப்பவளாக இல்லாமல் போகிறாள்.

பாட்டு வரும் இடம்

பேசும் குரல் ஒன்று, பாடும் குரல் இன்னொன்று என்பதை ஏற்றுக்கொள்வதில் தமிழர்களைவிடப் பழகியவர்கள் குறைவு. டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் வெவ்வேறு விதமாகக் குரலை அமைத்துப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே ‘பாடுவது வேறு ஆள்’ என்பதைக் குறையாக எழுதாமல், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் அந்தத் தாண்டலைக் கவனிக்க வேண்டும்.

பாட்டை ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிடுவது ஒரு வழி. ‘கே-ஆன்!’ அப்படித்தான். 2006இல் தொடங்கிய ‘நானா’ தொடரிலும் பாடல்கள் மூலத்தில் உள்ளபடியே இருக்கின்றன. அங்கே ஜப்பானிய ஒலியில்கூட பாடகி நானா ஒசாக்கி பேசும் குரல் பாக் ரோமியுடையது, பாடும் குரல் அன்னா ட்சுச்சியாவுடையது. ஆங்கிலத்தில் பேசிய ரெபெக்கா ஷோய்செட் செய்ய வேண்டியிருந்தது, ட்சுச்சியாவின் கரகரப்புக்குள் நுழையக்கூடிய ஒரு பேச்சுக்குரலைத் தாங்கி நிற்பது. இத்தகைய தொடர்களில் பாட்டுக்கு முந்திய கடைசி வசனத்தையும் பிந்திய முதல் வசனத்தையும் பலமுறை கேளுங்கள். முழுப்பாட்டைப் பாடியவர் களைப்பே இல்லாமல் பேசினால் தாண்டல் தோற்றுவிட்டது. பாடல்களுக்கு இடையில் மேடையில் நின்று கூட்டத்தோடு பேசும் வசனங்களில், மண்டபத்தின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டும் என்ற எண்ணம் நடிகரின் குரலில் இருக்க வேண்டும். எதிரொலியைப் பின்னர் சேர்க்கலாம், அந்த எண்ணத்தைச் சேர்க்க முடியாது.

மூலத்திலேயே பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும் தொடர்களும் உண்டு. 2019இல் வந்த ‘கரோல் அண்ட் டியூஸ்டே’யில் நை பிஆர்எக்ஸ்எக்ஸ், செலெய்னா ஆன் இருவரும் பாடிய ஆங்கிலப் பாடல்களே எல்லா மொழிப் பதிப்புகளிலும் ஒலிக்கின்றன. ஜப்பானிய ஒலியில் மொழியின் மாற்றம் தாண்டலை மறைத்துவிடுகிறது. ஆங்கில டப்பிங்கில் அந்தத் திரை இல்லை. பேசும் ஜீனி டிராடோவும் பிரையானா நிக்கர்பாக்கரும் பாடகிகளின் வயதுக்கும் உச்சரிப்புக்கும் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. எனவே இதே தொடரை ஆங்கிலத்தில் மதிப்பிடும்போது அளவுகோல் கடுமையாகிறது.

பாட்டை ஆங்கிலத்தில் புதிதாக எழுதிப் பாடவைப்பதே ஆகக் கடினமானது. 2021ஆம் ஆண்டின் ‘பெல்’ திரைப்படத்தில் கைலி மக்நீல் பேசவும் பாடவும் செய்தார். இங்கே நெடுநேரம் நீளும் ஒரு சுரத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். வரைந்த வாய் அகன்று திறந்திருக்கையில் காதில் ஆகாரம் போன்ற திறந்த உயிரொலி கேட்டால் பாடலாசிரியர் யோசித்து எழுதியிருக்கிறார். ஈகாரம் நீண்டால் வாயும் ஒலியும் முரண்படும். அதற்குப் பாடியவர் பொறுப்பல்லர்.

கதைக்குள் இருக்கும் மொழி

திருகோணமலை வாசகர்கள் மற்றவர்களைவிட நன்றாக எழுதக்கூடிய பகுதி இது என்று நினைக்கிறேன். 2004இல் தொடங்கிய ‘பெக்’ தொடரின் மூலத்தில், அமெரிக்காவில் வளர்ந்து திரும்பிய ரியூஸ்கேயும் மாகோவும் ஆங்கிலம் பேசும்போது, ஜப்பானிலேயே வளர்ந்த நாயகன் கொயுகி விளங்காமல் நிற்கிறான். ஆங்கில டப்பிங்கில் எல்லோருமே ஆங்கிலம் பேசுவதால், அந்த அந்நியத்தை வசனத்தால் காட்ட வழி குறைகிறது. கொயுகிக்குக் குரல் கொடுத்த கிரெக் அயர்ஸ் அதைத் தயக்கத்தாலும் பிந்திச் சிரிக்கும் சிரிப்பாலும் எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறார் என்று கேளுங்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே மேசையில் புழங்கும் ஊரில், விளங்காத மொழிக்கு நடுவில் இருப்பவரின் மௌனம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2012ஆம் ஆண்டின் ‘கிட்ஸ் ஆன் தி ஸ்லோப்’ 1966இன் சசெபோவில் நடக்கிறது. அதுவும் நம் ஊரைப்போலக் கடற்படை நிலைகொண்ட துறைமுக நகரம். யொகொசுகாவிலிருந்து வரும் கவோருவின் பேச்சும் உள்ளூர்ப் பையன் சென்டாரோவின் வட்டார வழக்கும் மூலத்தில் வேறுபடுகின்றன. யாழ்ப்பாணத்துப் பேச்சும் திருகோணமலைப் பேச்சும் ஒரே வகுப்பில் சந்திப்பதைக் கண்டவர்கள், ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு நடையிலும் சொற்களின் கனத்திலும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கலாம். பாடசாலை விழாவில் மின்சாரம் நின்றுபோக, கவோரு பியானோவைத் தொட, சென்டாரோ டிரம்ஸில் சேர்ந்துகொள்ளும் காட்சியில் முன்னணி நடிகர்களுக்கு வேலை மிகக் குறைவு. அங்கே மண்டபத்தை நோக்கி ஓடிவரும் மாணவர்களின் கூட்டக்குரல்களை மதிப்பிடுங்கள். அவை வெறும் இரைச்சலாக இருந்தால் அந்த வாசிப்பின் வியப்பு பாதியாகிவிடும்.

குறிப்பை எழுதுதல்

ஒவ்வொரு குறிப்புக்கும் அத்தியாயம், நிமிடம், செக்கன் எழுதுங்கள். காதில் விழுந்ததை ஒரு பக்கத்திலும், அதற்கு யார் பொறுப்பு என்ற ஊகத்தை எதிர்ப்பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். ‘பாட்டு முடிந்த பின் மூச்சு இல்லை’ என்பது கேட்டது. ‘இரண்டும் வெவ்வேறு நாளில் பதிவாகியிருக்கலாம்’ என்பது ஊகம். ‘உணர்ச்சி போதாது’ என்று எழுதத் தோன்றினால், எந்தச் சொல்லில் போதவில்லை என்று காட்ட முடிகிறதா பாருங்கள்; முடியாவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். பாராட்டுக்கும் இதே விதி பொருந்தும்.

கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலிலிருந்து குரல் இயக்குநரின் பெயரையும் ஆங்கில வசனத்தை அமைத்தவரின் பெயரையும் நடிகர்களின் பெயர்களோடு சேர்த்தே எழுதுங்கள். அதே இயக்குநர் வேறு நடிகர்களைக் கொண்டு செய்த இன்னொரு தொடரை அடுத்ததாக எடுத்து, அங்கேயும் மேடைக்காட்சி ஒன்றையும் சண்டைக்காட்சி ஒன்றையும் கேட்டால், முதல் தொடரில் நடிகரின் கணக்கில் எழுதியவற்றுள் எவற்றை இயக்குநரின் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பது தெரியவரும்.